லீமா ஆற்றங்கரையில் எனக்கு வைத்த பரீட்சை

மே 11, ஞாயிறு

ஈஸ்டர் பாஸ்காவுக்கு மறுநாள் பாப்பரசர் கண்ணை மூடிய வருடம் இது. அவரை அடக்கம் செய்த கையோடு போர்த்துகலிலும் பக்கத்து ஸ்பெயினிலும் ஒரே அடியாகக் கரண்ட் போய், இரண்டு நாடும் மெழுகுவர்த்தி தேடிய வருடம். எங்கள் தூத்துக்குடியில் வெள்ளம் வந்து ரயில் பாதி வழியில் நின்றுபோனதற்கு அடுத்ததற்கு அடுத்த வருடம். “இது எந்த வருடம்?” என்று டாக்டர் கேட்டபோது இவ்வளவையும் சொன்னேன். என் மகள் ரீட்டா ஒன்று விடாமல் போர்த்துகீசிய மொழியில் எடுத்துச் சொன்னாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு சைபர் போட்டார். அவருக்கு நாலு இலக்கம் வேண்டுமாம்.

இலக்கம் எனக்கு வராது, எழுத்தும் வராது. பள்ளிக்கூடத்துக்கு நான் போனது ஒரே ஒரு நாள். அன்றைக்கு வாத்தியார் வரவில்லை.

அடுத்து ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். பென்சிலைப் பிடித்து வட்டம் போட்டேன். வட்டம் நன்றாகவே வந்தது. அதற்குப் பிறகு கை பழக்கதோஷத்தில் தோணித் திசைகாட்டியை வரைந்துவிட்டது. முள் எத்தனை மணியைக் காட்டுகிறது என்றார். வடக்கு என்றேன். அதற்கும் சைபர்.

டாக்டரிடம் போக நேர்ந்ததே அந்தக் கரண்டால்தான். மகள் வேலைக்குப் போயிருந்தாள். இங்கே அடுப்பும் கரண்டில்தான் எரிகிறது. எனக்குப் பசி. முப்பது வருடம் தோணியில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போய்வந்தவன் நான். தோணியில் ஒரு பெட்டியில் மணலைப் பரப்பி அதன்மேல் விறகு மூட்டித்தான் சோறு பொங்குவோம். பால்கனியில் பெரிய பூந்தொட்டி இருந்தது, தொட்டியில் மண் இருந்தது, பழம் வந்த மரப்பெட்டி ஒன்றும் இருந்தது. கஞ்சி கொதி வரும் நேரத்தில் தீயணைப்பு வண்டி வந்துவிட்டது. இரண்டு நாட்டிலும் கரண்ட் இல்லாத நாளில், அவர்களுக்கு வேறு வேலையே இல்லாததுபோல் ஆறு பேர் என் கஞ்சியை அணைத்தார்கள்.

“பால்கனியில யாராவது தீ மூட்டுவாவளாப்பா?” என்று ரீட்டா கேட்டாள்.

“கரண்டு இல்லையே மக்களே.”

“ஒரு நேரம் பழத்தைத் தின்னுட்டு இருக்கக் கூடாதா?”

“பழம் இருந்த பெட்டியத்தானே எரிச்சேன்.”

அவள் சிரிக்கவில்லை. அவள் இங்கே வயோதிகர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறாள். பெற்ற பிள்ளையின் பெயரை மறந்தவர்களையே நாள் முழுவதும் குளிப்பாட்டி, ஊட்டி, உறங்க வைக்கிறவள். காலையிலிருந்து சாயங்காலம் வரை வெண்டைக்காய் நறுக்குகிறவளுக்கு விரலும் வெண்டைக்காயாகத் தெரியும் இல்லையா, அப்படித்தான் என்னைப் பார்க்கிறாள்.

ஜூன் இருபதாம் தேதிக்கு எனக்குத் திரும்பும் டிக்கெட் இருக்கிறது. அதைப்பற்றிக் கேட்டால் “பார்ப்போம்” என்கிறாள். ஊரில் தனியாக விட முடியாதாம். அவள் அம்மா இருந்தவரை சரி, இப்போது யார் இருக்கிறார்கள் என்கிறாள்.

மூளைக்கு வேலை கொடுக்கத் தினமும் நடக்க வேண்டும், நடந்ததை எழுத வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். எழுதத் தெரியாதவனுக்கு ரீட்டா ஒரு வழி கண்டுபிடித்தாள். போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது, தேதியும் அதுவே போடுகிறது. ஆனால் சாமியார் பிரசங்கம் வைப்பதுபோல் இழுத்துப் பேசினால்தான் அதற்குப் புரிகிறது. ஆகவே பிரசங்கத் தமிழில் பேசிக்கொண்டிருக்கிறேன். அடுத்தவர் பேசியதை மட்டும் பேசினபடியே சொல்கிறேன். அதை அது எப்படி எழுதித் தொலைக்கிறதோ, என்னால் வாசித்துப் பார்க்கவா முடியும்?

மே 12, திங்கள்

நடந்தேன். ஊரின் பெயர் பொந்து த லீமா. லீமா என்பது ஆறு. பெயரே பாலத்தைத்தான் சொல்கிறதாம். பாலத்தின் அந்தக் கோடியை ரோமாக்காரர்கள் கட்டினார்கள், மிச்சத்தைப் பிற்பாடு ராஜாக்கள் கட்டினார்கள் என்று ரீட்டா சொல்லியிருந்தாள். இரண்டும் எனக்கு ஒரே கல்லாகத்தான் தெரிந்தது. மேலே மனிதர்கள் நடக்கிறார்கள், கீழே வாத்து நீந்துகிறது. இக்கரையில் பெரிய பெரிய மரங்கள் இரண்டு வரிசை. மணல்திட்டில் இன்று சந்தை. ஆளுயரக் கருவாட்டை விறகுபோல் அடுக்கி வைத்திருந்தார்கள். நம்மைப் பிடித்து ஆண்ட தேசம் கருவாட்டுக்கு இப்படி உயிரை விடும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சந்தையைத் தாண்டியதும் ஒரு தெருவில் நின்றுவிட்டேன். எனக்கு வரையத் தெரிந்த ஒரே எழுத்து என் குடும்பப் பெயர். பாஸ்போர்ட்டில் கையெழுத்துக்காக ரீட்டா இரண்டு மாதம் போனிலேயே காட்டிக் காட்டிப் பழக்கியது. என் முழுப் பெயர் கயத்தான் மச்சாது. அதில் கயத்தான் நீளம் என்று மச்சாதுவை மட்டும் பழக்கினாள். அந்த எழுத்துகள் அப்படியே ஒரு கடைக் கண்ணாடியில் தங்க நிறத்தில் இருந்தன!

எங்கள் முன்னோருக்கு ஞானஸ்நானம் கொடுத்த போர்த்துகீசியர் விட்டுப்போன பெயர் அது. விட்டுப்போனவர்களின் வாரிசு ஒருவன் கடை வைத்திருக்கிறான் என்றால், ஐந்நூறு வருடம் கழித்து வந்த சொந்தக்காரன் எட்டிப் பார்க்காமல் போவது முறையா? உள்ளே போனேன். கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் எழுந்து வந்தார். என் நெஞ்சைத் தட்டி “மச்சாது” என்றேன். அவரும் தன் நெஞ்சைத் தொட்டு “மச்சாது” என்றார். கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் மிகவும் தணிந்த குரலில் ஏதோ விசாரித்தார். நான் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று தலையாட்டினேன். பக்கத்திலிருந்த மர வேலைப்பாட்டைத் தடவிப் பார்த்து, நல்ல தேக்கு என்று சைகையில் பாராட்டினேன். அவர் மூடியைத் திறந்து உள்ளே தைத்திருந்த வெள்ளைப் பட்டைக் காட்டினார். அப்போதுதான் சுற்றிப் பார்த்தேன். கடை முழுக்கச் சவப்பெட்டி.

வெளியே வரும்போது அவர் என்னை உச்சியிலிருந்து பாதம் வரை ஒரு பார்வை பார்த்தார். அளவு எடுத்துக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன்.

ரீட்டாவிடம் சொல்லவில்லை. அதையும் கணக்கில் சேர்ப்பாள்.

மே 13, செவ்வாய்

பாத்திமா மாதா நாள். டெலிவிஷனில் பூசை கண்டேன். மாதாவைப் பார்த்துக்கொண்டிருந்ததில் சோறு குழைந்துவிட்டது.

மே 16, வெள்ளி

இன்று நான் காணாமல் போனேன். எனக்கு அது தெரியாது, மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்தது.

காலையில் பாலம் ஏறும்போது கவனித்தேன். சுவரில், கம்பத்தில், கல்லில் மஞ்சள் பெயிண்டால் அம்புக்குறி போட்டிருக்கிறார்கள். படிக்காதவன் நடந்துவிட்டு வருவதற்குப் பஞ்சாயத்தார் எவ்வளவு யோசனையாகச் செய்திருக்கிறார்கள் என்று மனதுக்குள் வாழ்த்தினேன். அம்பு ஊரைச் சுற்றிக் காட்டிவிட்டுக் கடைசியில் புறப்பட்ட இடத்தில் கொண்டுவந்து விடும் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன்.

பாலத்தின் அக்கரையில் அந்தோணியார் கோயில். கும்பிட்டேன். அம்பு காட்டியது, போனேன். திராட்சைப் பந்தல், சோள வயல், குதிரை கட்டிய வீடு. எனக்கு முன்னாலும் பின்னாலும் முதுகில் மூட்டையும் மூட்டையில் ஒரு சிப்பியும் கட்டிக்கொண்டு வெள்ளைக்காரர்கள் நடந்தார்கள். கடற்கரையில் பிறந்தவனுக்குச் சிப்பியைக் கண்டதும் ஒரு தைரியம். கடல் பக்கத்தில் இருக்கிறது போல என்று நினைத்தேன். எல்லாரும் ஒரே வார்த்தை சொல்லி வணங்கினார்கள். நானும் திருப்பிச் சொன்னேன். ஒரு பெண்பிள்ளை தன் ஊன்றுகோல்களில் ஒன்றைக் கொடுத்தாள். இன்னொருவர் வாழைப்பழம் கொடுத்தார். வீட்டுச் செருப்போடு நான் நடப்பதைப் பார்த்து என்னைப் படம் பிடித்தார்கள். மரியாதை என்று நினைத்து நின்று கொடுத்தேன்.

பாதை மலையில் ஏறியது. கடலுக்குப் போகிற பாதை எதற்கு மலையில் ஏறுகிறது என்று கேட்க ஆள் இல்லை. ஏறினேன். மூச்சு என்னைவிட்டு இரண்டு அடி முன்னால் போனது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு கற்சிலுவை. அதன் காலடியில் ஆளாளுக்கு ஒரு கல் வைத்திருந்தார்கள். செத்தவர்களின் படங்களும் இருந்தன. நானும் ஒரு கல் வைத்தேன். என் வீட்டுக்காரி பெயரைச் சொன்னேன். பிறகு உட்கார்ந்தவன் எழவில்லை. முழங்கால் ஒத்துழைக்க மறுத்துவிட்டது.

கூட வந்த ஒருவர் மலைக்கு அப்பால் கை காட்டி “சந்தியாகோ” என்றார். அப்போதுதான் விளங்கியது. இவர்கள் எல்லாரும் ஸ்பெயினில் இருக்கிற, யேசுவின் சீடர் சந்தியாகப்பர் கல்லறைக்கு வாரக்கணக்கில் நடக்கிறவர்கள். மஞ்சள் அம்பு அங்கேதான் போகிறது. மறுபக்கம் பார்த்து நீல அம்பும் உண்டு. அது பாத்திமா மாதாவுக்கு. வீட்டுக்குப் போகிறவனுக்கு ஒரு நிறமும் ஒதுக்கவில்லை.

சட்டைப்பையில் ரீட்டா தைத்துவிட்டிருந்த நம்பரைப் பார்த்து யாரோ கூப்பிட்டார்கள். ஒரு ஜீப்பில் என்னைக் கீழே இறக்கினார்கள். ரீட்டா வேலையை விட்டு ஓடி வந்திருந்தாள். இல்லத்து நீலச் சட்டை, நெற்றியில் வியர்வை.

“எங்கப்பா போனிய? வழி மறந்துட்டா?”

“தெரிஞ்சாத்தானே பிள்ள மறக்க முடியும்?”

“வெளையாடாதீய. அந்த மலையில ஏறணும்னு ஒங்களுக்கு எப்படித் தோணிச்சு?”

“அம்பு போட்டிருந்தான்.”

“அம்பு போட்டா எங்க வேணும்னாலும் போவியளா?”

நியாயமான கேள்வி. நான் வாழைப்பழத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். காரில் அவள் அழுதாள். அழுதுகொண்டே, “எங்க இல்லத்துக்குக் கொண்டுவந்து விடுறவிய எல்லாரும் மொதல்ல இதத்தான் சொல்லுவாவ. ஒருநாள் அப்படியே நடந்து போயிட்டாருன்னு. நீங்க இனி அங்க தனியா இருக்க வேண்டாம்பா. டிக்கெட்டக் கேன்சல் பண்ணுதேன்” என்றாள்.

தோணி ஆட்டம் கண்டிருக்கும்போது தண்டலிடம் எதிர்த்துப் பேசக் கூடாது. தண்டல் என்றால் தோணித் தலைவர். வாழைப்பழத் தோலை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மே 17, சனி

உட்கார்ந்தால் எழ முடியவில்லை. எழுந்தால் உட்கார முடியவில்லை. நின்றுகொண்டு இதைச் சொல்கிறேன்.

மே 21, புதன்

ஊருக்குப் போன் போட்டேன். விலைவாசி விசாரிக்கத்தான்.

என்னோடு தோணியில் இருந்த தஸ்நேவிஸின் மருமகள் அமலி எடுத்தாள். சீலா மீன் என்ன விலை, மழை உண்டா என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு அவளே ஆரம்பித்தாள்.

“மாமா, நீங்க எப்ப வாறிய?”

“வாறேன் வாறேன். என்ன அவசரம்?”

“எங்க மாமனாரு நாலு மணியானா நாற்காலிய வாசல் பக்கம் திருப்பிப் போடச் சொல்லுதாவ. தெருவையே பாத்துக்கிட்டு இருக்காவ. யார் வரணும்னு கேட்டா, தெரியலங்காவ. ஆறு மணி வரைக்கும் அப்படித்தான். காப்பியும் குடிக்க மாட்டேங்காவ.”

“சீனி கூடப் போட்டுக் குடு. குடிப்பான்.”

“போட்டாச்சு மாமா.”

“வெங்காயம் என்ன விலை?” என்று கேட்டேன். சொன்னாள். போனை வைத்ததும் விலை மறந்துவிட்டது. ரீட்டா கேட்டிருந்தால் இதையும் டாக்டரிடம் சொல்லியிருப்பாள்.

மே 25, ஞாயிறு

ரீட்டாவுக்கு விடுமுறை. பூசைக்குப் பிறகு ஊர் சுற்றிக் காட்டினாள். ஒரு பழைய சிறைக் கோபுரம். இப்போது அதில் கைதி கிடையாது, சுற்றுலாக்காரர்களுக்கு ஊர் வரைபடம் கொடுக்கிறார்கள். ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். வெளியே நின்றிருந்த ஒரு சின்னப் பிள்ளை என்னைக் கைதி என்று நினைத்து அழுதது.

சாப்பாட்டு மேசையில் தினமும் பரீட்சை நடக்கிறது. மறைத்துத்தான் கேட்கிறாள்.

“அப்பா, நேத்து ராத்திரி என்ன வச்சேன்? எனக்கே மறந்துபோச்சு.”

“திமிங்கிலம்.”

“அப்பா!”

“சாளைமீன் குழம்பு. உப்பு கூட.”

முதல் பதிலைத்தான் அவள் ஞாபகம் வைத்துக்கொள்கிறாள். வேடிக்கையாகப் பேசுவதும் அந்த நோய்க்கு ஒரு குறி என்று இல்லத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் முழுக்க வேடிக்கை பேசாமல் இருந்து பார்த்தேன். “ஏன் ஒரு மாதிரியா இருக்கிய?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

அவளுடைய புருஷன் சரக்குக் கப்பலில் போயிருக்கிறார். கிறிஸ்துமசுக்கு இரண்டு வாரம் முன்னால்தான் இறங்குவார். நான் வருவதற்கு முன்பு இந்த வீட்டில் எல்லா அறையிலும் ரேடியோ ஓடிக்கொண்டிருக்குமாம். மேல்வீட்டு அம்மாள் சைகையில் சொல்லிக் காதைப் பொத்திக் காட்டினாள். இப்போது ஒரு ரேடியோவும் ஓடவில்லை. நான் இடைவிடாமல் பேசுகிறேன், எதற்கு ரேடியோ? மேல்வீட்டு அம்மாளுக்குத்தான் ஒரு வித்தியாசமும் தெரிந்திருக்காது.

ஜூன் 4, புதன்

டிக்கெட் இன்னும் கேன்சல் ஆகவில்லை. கேட்கவும் இல்லை. கேட்டால் ஞாபகப்படுத்தியதாக ஆகிவிடும்.

ஜூன் 13, வெள்ளி

அந்தோணியார் திருநாள். நாம் பதுவை அந்தோணியார் என்கிறோம். இங்கே லிஸ்பன் அந்தோணியார் என்று அடித்துச் சொல்கிறார்கள். பிறந்த ஊர்க்காரனும் அடக்கம் செய்த ஊர்க்காரனும் போடுகிற சண்டை. நான் தலையிடவில்லை.

இல்லத்திலிருந்து பத்துப் பேரை ஆற்றங்கரைக்கு அழைத்து வந்தார்கள். தள்ளுவண்டி நாற்காலி தள்ள ஆள் போதவில்லை என்று ரீட்டா என்னையும் கூப்பிட்டாள். வேலைக்காரனாகவா, இல்லத்தில் சேர்ப்பதற்கு முன்னோட்டமாகவா என்று யோசித்தபடியே தள்ளினேன்.

எனக்கு வந்தது டோனா கிராசா என்ற கிழவி. என்னைவிட மூத்தவள். காதில் கம்மல், உதட்டில் சாயம், மடியில் கைப்பை. மரநிழலில் நிறுத்தியதும் ரீட்டாவைப் பார்த்து ஏதோ கேட்டாள். ரீட்டா முழங்காலிட்டு, அவள் கையைப் பிடித்து, தன் நெஞ்சைத் தொட்டு “ரீட்டா” என்றாள். கிழவி சந்தோஷப்பட்டாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டாள். மறுபடியும் ரீட்டா முழங்காலிட்டாள்.

“தெனமும் இப்படியா?” என்று கேட்டேன்.

“ஆமாப்பா. காலையில போனதும் மொதல் வேலை, நான் யாருன்னு சொல்லுறது.”

“நேத்து சொன்னது நிக்காதா?”

“நிக்காது. ஆனா சொன்ன ஒடனே மொகத்துல ஒரு தெளிச்சி வரும் பாருங்க, அது போதும்.”

கிழவி இன்னொன்று கேட்டாள். ரீட்டா ஆற்றின் பக்கம் கை காட்டிச் சொன்னாள். கிழவி தலையாட்டிக்கொண்டு கைப்பையைத் திறந்து கண்ணாடி பார்த்தாள்.

“இப்ப என்ன கேட்டா?”

“புருஷன் எங்கன்னு. செத்து ரொம்ப வருஷம் ஆச்சு. உண்மையச் சொன்னா ஒவ்வொரு தடவையும் புதுசா அழுவாங்க. அதனால சந்தைக்குப் போயிருக்காருன்னு சொல்லுவேன்.”

“நான் கொழும்புக்கு அனுப்பியிருக்கேன்” என்றேன்.

வாய் தவறி வந்துவிட்டது. ரீட்டா திரும்பிப் பார்த்தாள்.

“யாரை?”

“எல்லாரையுந்தான். தண்டல், மீராசா, இஞ்ஞாசி... நேவிஸ் கேப்பான், எங்கலே எல்லாவனும்னு. சரக்கு ஏத்திக்கிட்டு கொழும்புக்குப் போயிருக்காவ, காத்து திரும்பினதும் வந்துருவாவன்னு சொல்லுவேன். சரின்னு காப்பிய எடுத்துக் குடிப்பான்.”

“நேவிஸ் மாமாவா? அவியளுக்கு என்ன?”

“ஒனக்குச் சொல்லல.”

“எப்ப இருந்து?”

“ஒங்க அம்மா தவறுன வருஷத்துல இருந்து கொஞ்சங் கொஞ்சமா. நாலு மணிக்குப் போவேன். நான் கயத்தான்லேன்னு சொல்லுவேன். எந்தக் கயத்தான்னு கேப்பான். தோணிக் கதையெல்லாம் சொல்லுவேன். ஆறு மணிக்குத் திரும்பிருவேன். பெரிய வேலை ஒண்ணும் இல்ல. வீட்டுல இருந்தா கொசு.”

ரீட்டா ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டோனா கிராசா என் சட்டையைப் பிடித்து இழுத்து ஏதோ கேட்டாள். என்ன என்று ரீட்டாவிடம் கேட்டேன்.

“நீங்கதான் அவங்க புருஷனான்னு கேக்காங்க.”

“இல்லன்னு சொல்லாத. சந்தையில இருந்து வந்துட்டேன்னு சொல்லு.”

சொன்னாள். கிழவி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த மனிதர் என்னைவிட அழகாக இருந்திருக்க வேண்டும்.

ஜூன் 14, சனி

ரீட்டா டிக்கெட்டைப் பற்றிப் பேசவில்லை. புதன்கிழமை சொல்கிறேன் என்றாள். மூன்று தடவை பெட்டியைத் துடைத்தேன். தூசி அதிகம் இங்கே.

ஜூன் 18, புதன்

இன்று மாலை ஊரில் ஒரு காளையைக் கயிறு கட்டிப் பெரிய கோயிலைச் சுற்றி மூன்று முறை இழுத்து ஓட்டுவார்கள். அதற்காகக் கடைகளுக்குப் பலகை அடிக்கிறார்கள். நாளைக்கு நற்கருணைப் பெருவிழா. இன்று மாடு, நாளைக்கு ஆண்டவர் என்று இந்த ஊர்க்காரர்கள் எப்படி வரிசை வைத்தார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கூட்டம் சேருவதற்கு முன்பே ரீட்டா என்னை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போனாள்.

இக்கரையில் ரோமாச் சிப்பாய்கள் கேடயத்தோடு வரிசையாக நிற்கிறார்கள். உலோகச் சிலைகள். வந்த புதிதில் இவர்களுக்கு நான் காலை வணக்கம் சொல்லி, பதில் வராமல் கோபித்துக்கொண்டது உண்டு. நேர் எதிரே அக்கரையில் குதிரைமேல் தனியாக ஒரு தளபதி. ஏன் இப்படி ஆளுக்கொரு கரையில் நிற்கிறார்கள் என்று இன்றைக்குத்தான் ரீட்டா சொன்னாள்.

அந்தக் காலத்தில் ரோமாப் படை இங்கே வந்து நின்றதாம். இதுதான் மறதி ஆறு, இறங்கினால் வீடு, ஊர், பெண்டாட்டி, பிள்ளை எல்லாம் மறந்துபோகும் என்று சிப்பாய்கள் நம்பினார்களாம். ஒருவனும் தண்ணீரில் கால் வைக்க மாட்டேன் என்றானாம். தளபதி தானே இறங்கி அக்கரைக்குப் போய், அங்கே நின்றுகொண்டு ஒவ்வொரு சிப்பாயையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். இவருக்கு ஒன்றும் மறக்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் படை ஆற்றைக் கடந்ததாம்.

“நல்ல தண்டல்” என்றேன்.

“அப்பா, நான் ஒரு பரீட்சை வைக்கேன். கடிகாரம் வேண்டாம், வருஷம் வேண்டாம். நீங்க அந்தக் கரைக்குப் போங்க. ஒங்க தோணியில இருந்தவிய பேரை ஒண்ணொண்ணா சொல்லுங்க. அவிய இப்ப எங்க இருக்காவ, அதையும் சொல்லணும். ஒண்ணு விட்டாலும் டிக்கெட் கேன்சல். எல்லாம் சொல்லிட்டா வெள்ளிக்கிழமை நானே ஏத்திவிடுதேன்.”

“கொழும்புக்குப் போயிருக்காவன்னு சொல்லலாமா?”

“எனக்கு உண்மையச் சொல்லணும்.”

பாலத்தில் நடந்தேன். தினமும் கடக்கிற பாலம்தான். மறதி வருவதென்றால் இதற்குள் எனக்கு வண்டிவண்டியாக வந்திருக்க வேண்டும். குதிரைக்காரர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் குதிரைமேல் இருந்தார், நான் வீட்டுச் செருப்பில் இருந்தேன். கையில் போன், போனில் ரீட்டா. இருந்தும் அக்கரைக்குக் கேட்க வேண்டும் என்று தொண்டையைத் திறந்து கத்தினேன். தோணிக்காரன் புத்தி. மூட்டை சுமந்து வந்த நாலைந்து யாத்திரைக்காரர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“தண்டல் கித்தேரியான்! கட்டில்ல, பேரப்பிள்ளையள் சுத்தி நிக்க, நல்ல சாவு!”

“ஒண்ணு” என்றது போன்.

“வேம்பாத்து மீராசா! சக்கர வியாதி. மொதல்ல காலை எடுத்தாவ, அப்புறம் ஆளே போயிட்டாரு!”

“ரெண்டு.”

“சமையல் அந்தோணிக்குட்டி! கலவரத்துல கொழும்பு எரிஞ்ச வருஷம். கரையிறங்கி வெத்தலை வாங்கப் போனான். நாங்க மூணு நாள் காத்துக் கெடந்தோம்.”

“மூணு.”

“இஞ்ஞாசி! எந்தப் புயல்லயும் பாய்மரத்துல இருந்து விழாதவன், கோயில் கொடிமரத்துல கொடி கட்டப் போயி விழுந்தான்!”

“நாலு.”

“தொம்மை வாஸ்! சுனாமி வருஷம். சுனாமியில இல்ல, அதுக்கு முந்தின மாசம் காய்ச்சல்ல. ஒரு மாசம் பொறுத்திருந்தா பேப்பர்ல பேராவது வந்திருக்கும்னு அவன் பெஞ்சாதி சாகுற வரை சொல்லிக்கிட்டு இருந்தா!”

“அஞ்சு.”

இந்த இடத்தில் நின்றேன். அக்கரையில் சிப்பாய் வரிசையின் கடைசியில் ரீட்டா நின்றாள். நீலச் சட்டையில் சின்னதாகத் தெரிந்தாள். ஒரு கையில் போன். இன்னொரு கை பக்கத்துச் சிப்பாயின் கேடயத்தைப் பிடித்திருந்தது. மருமகன் கிறிஸ்துமசுக்கு இரண்டு வாரம் முன்னால்தான் இறங்குவார் என்பது ஏனோ அப்போது நினைவுக்கு வந்தது. அந்த வீட்டில் எத்தனை ரேடியோ இருக்கிறது என்பதும்.

ஆறாவது பெயர் நாக்கில்தான் இருந்தது. மூச்சு வாங்கியது, வேறொன்றும் இல்லை.

“அப்பா?” என்றது போன். “தெரியலன்னா பரவாயில்லப்பா. வந்துருங்க.”

அந்தக் குரலில் பரவாயில்லை என்பதைவிட அதிகமாக ஏதோ இருந்தது. லைன் சரியில்லை போல. குதிரைக்காரரை நிமிர்ந்து பார்த்தேன். அவர் தன் ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த முறை கத்தவில்லை. போனில்தான் சொன்னேன்.

“சிலுவைப்பிச்சை. கொரோனா. பையில கட்டிக் குழியில எறக்குனாவ. நானும் நேவிசும் ரோட்டுல நின்னு பாத்தோம். நேவிஸ் அங்கேயே கேட்டான், யாருலே அதுன்னு. அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது.”

“ஆறு” என்றாள். அழுகிறாளா என்று இங்கிருந்து தெரியவில்லை. என் கண்ணுக்கு அவ்வளவு தூரம் பத்தாது.

“இன்னும் யாரு?”

“என்னைச் சேக்கவா?”

“ஒங்கள விட்டுட்டு.”

“அப்ப ஒரே ஒரு ஆள்தான் பிள்ள. தஸ்நேவிஸ் ரொட்ரிகோ. தூத்துக்குடியில, வாசலப் பாத்துப் போட்ட நாற்காலியில, உசிரோட இருக்கான்.”